மதுக்கடையில் பிறந்த பாட்டு: ஹாங்க்கி டாங்க் இசைக்கு ஓர் அறிமுகம்

1953 ஜனவரி முதல் தேதி. ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் கச்சேரி. அங்கே போய்க்கொண்டிருந்த காரின் பின்சீட்டிலேயே ஹாங்க் வில்லியம்ஸின் உயிர் பிரிந்துவிட்டது. வயது 29. அமெரிக்கக் கன்ட்ரி இசையில் அன்றைக்கு அவரைவிடப் பெரிய பெயர் கிடையாது. அதே மாதம் அவருடைய அடுத்த இசைத்தட்டு கடைக்கு வந்தது.

தட்டின் ஒரு பக்கத்தில் 'கலைஜா' என்ற பாட்டு. கடை வாசலில் நிற்கும் ஒரு மரப்பொம்மைதான் கதாநாயகன். அந்தக் காலத்து அமெரிக்காவில் புகையிலைக் கடைகளுக்கு முன்னால் பூர்வகுடி ஆண் உருவத்தை மரத்தில் செதுக்கி நிறுத்திவைப்பார்கள். அப்படி ஒரு பொம்மை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் பழம்பொருள் கடையின் பெண் பொம்மை மேல் காதல். ஆனால் மரமாயிற்றே, வாயைத் திறந்து சொல்ல வழியில்லை. ஒருநாள் பணக்காரர் ஒருவர் வந்து பெண் பொம்மையை விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். தட்டைத் திருப்பிப் போட்டால் 'யுவர் சீட்டின் ஹார்ட்'. ஏமாற்றிவிட்டுப் போனவளைப் பார்த்து, உன் மனசே உன்னைத் தூங்கவிடாது, நீயும் என்னை மாதிரி அறைக்குள் நடந்து நடந்து அழத்தான் போகிறாய் என்று சாபமும் கெஞ்சலுமாகப் பாடுகிறார். இரண்டையும் 1952 செப்டம்பர் 23 அன்று, நாஷ்வில் நகரில் ஒரே அமர்வில் பதிவு செய்தார்கள். இரண்டுமே கன்ட்ரி பாடல் வரிசையில் முதலிடத்துக்குப் போயின.

இந்த ஒரு தட்டு பிடிபட்டால், கன்ட்ரி இசையின் மதுக்கடைக் கிளையான ஹாங்க்கி டாங்க் பாதி பிடிபட்ட மாதிரி. புதிதாகக் கேட்கிறவர்கள் வேடிக்கைப் பாட்டு தனி ரகம், அழுகைப் பாட்டு தனி ரகம் என்று பிரித்துக்கொள்வார்கள். ஒரே ஆல்பத்தில் இரண்டும் மாறிமாறி வந்தால் குழம்பிப்போவார்கள். உண்மையில் இரண்டும் ஒரே பட்டறைச் சரக்கு. ஒரே வாத்தியம், ஒரே தாளம், ஒரே எழுத்து உத்தி. எப்படி என்று பார்ப்போம்.

இடம் முதலில், இசை அப்புறம்

ஹாங்க்கி டாங்க் என்பது முதலில் ஒரு மாதிரியான மதுக்கடையின் பெயர். பலகை அடித்த கட்டடம், பீர், ஆடுவதற்குக் கொஞ்சம் தரை, அடிதடி நடந்தாலும் அலட்டிக்கொள்ளாத முதலாளி. இசைக்கு அந்தப் பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

1930இல் கிழக்கு டெக்சாஸில் மாபெரும் எண்ணெய் வயல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நாடு முழுக்கப் பொருளாதார மந்தம்; அங்கே மட்டும் வேலை இருந்தது, கூலி இருந்தது. பருத்திக்காட்டை விட்டுவிட்டு ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். 1933இல் நாடு தழுவிய மதுவிலக்கும் முடிவுக்கு வந்தது. ஆனால் டெக்சாஸில் பல மாவட்டங்கள் உள்ளூர் அளவில் மதுவிலக்கைத் தொடர்ந்தன. அதனால் கடைகள் ஊருக்குள் வராமல் மாவட்ட எல்லையை ஒட்டியும், ஊர் எல்லை தாண்டி நெடுஞ்சாலை ஓரத்திலும் முளைத்தன. அங்கே வரியும் குறைவு, போலீஸ் தொந்தரவும் குறைவு. கையில் காசும் மனசில் வீட்டு ஞாபகமுமாக ஆயிரக்கணக்கான ஆண்கள். அவர்கள் சனிக்கிழமை ராத்திரி போய் உட்கார ஓர் இடம். ஹாங்க்கி டாங்க் பாட்டுக்கு வேண்டிய எல்லாமே இங்கே தயாராகிவிட்டது.

இசைக்குழுவை அழைக்க முடியாத கடையில் ஜூக்பாக்ஸ் இருக்கும். ஐந்து சென்ட் நாணயம் போட்டால் ஒரு பாட்டு. சிக்கல் என்னவென்றால், கூட்டம் சேர்ந்துவிட்டால் வெறும் மரக்கிதாரின் சத்தம் யார் காதிலும் விழாது. எர்னஸ்ட் டப் என்ற டெக்சாஸ் பாடகரிடம் ஜூக்பாக்ஸ் நடத்துகிற ஒருவர் இதையே முறையிட்டாராம்: பகலில் உன் பாட்டைப் போடுகிறார்கள், ராத்திரி கூட்டம் வந்ததும் கேட்கவே மாட்டேன் என்கிறது. டப் மின்கிதார் வாசிப்பவரைச் சேர்த்துக்கொண்டார். 1941இல் வந்த 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ' அப்படிப் பதிவானதுதான், பெரிய வெற்றி. கன்ட்ரி இசைக்குள் மின்கிதார் வந்ததற்கு இப்படி ஒரு கடைக்காரர் காரணமும் உண்டு.

சத்தம் மட்டுமில்லை, பாட்டின் விஷயமும் மாறியது. அதற்கு முந்தைய கன்ட்ரி பாட்டுகளில் அம்மா, மலையடிவாரத்து வீடு, தேவாலயம், செத்துப்போன குழந்தை என்றுதான் அதிகம் வரும். இங்கே குடி, கள்ள உறவு, விவாகரத்து, சம்பளம் கரைந்த மறுநாள் காலை. 1949இல் ஃபிளாய்ட் டில்மன் எழுதிய 'ஸ்லிப்பின் அரௌண்ட்' கல்யாணமான இருவரின் திருட்டுக் காதலை வெளிப்படையாகவே பாடியது. இந்தத் துணிச்சலில் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கு நிறையப் பங்கு உண்டு. ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் இசை சொல்லிக்கொடுத்தவரே அலபாமா தெருக்களில் பாடித் திரிந்த ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினக் கலைஞர்தான்.

எல்லாம் ஆண்களின் புலம்பல்தானா? ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. 1952இல் ஹாங்க் தாம்சன் 'த வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' என்று ஒரு பாட்டுப் பாடினார். தன்னை விட்டுவிட்டு மதுக்கடைக்கே திரும்பிப் போன பெண்ணைப் பழிக்கும் பாட்டு. அதே மெட்டில் அதே வருஷம் கிட்டி வெல்ஸ் பதிலடி கொடுத்தார்: பெண்கள் கெட்டுப்போனதற்குக் கடவுளா காரணம், கல்யாணமானதை மறைத்துக்கொண்டு சுற்றுகிற ஆண்கள்தானே? வானொலி நிறுவனம் ஒன்று அதற்குத் தடை போட்டுக்கூடப் பார்த்தது. பாட்டு முதலிடத்துக்குப் போய்விட்டது. கன்ட்ரி பாடல் வரிசையில் தனிப் பாடகியாக ஒரு பெண் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

காதில் என்ன விழுகிறது

ஹாங்க்கி டாங்க் பாட்டில் பெரும்பாலும் மூன்று கார்டுகள்தான் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டு). நீளம் இரண்டரை, மூன்று நிமிஷம். நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். நடனத்துக்கான இசை என்பதால் தாளத்தில் பெரிய விளையாட்டெல்லாம் கிடையாது. ஒன்று துள்ளி நடக்கிற நாலடித் தாளம், இல்லாவிட்டால் மூன்றடி வால்ட்ஸ். 1956இல் ரே பிரைஸ் பாடிய 'கிரேஸி ஆர்ம்ஸ்' 20 வாரம் முதலிடத்தில் நின்றது. அதில் பேஸ் வாத்தியம் ஒவ்வோர் அடிக்கும் படியிறங்குகிற மாதிரி நடந்துகொண்டே இருக்கும். டிரம்ஸ் அதைத் தள்ளிக்கொண்டு போகும். இந்தத் தாளத்தை ஷஃபிள் என்பார்கள். வேறொருவனுக்குச் சொந்தமாகிவிட்டவளை நினைத்து அழுகிற பாட்டாக இருந்தாலும் கால் தானாகத் தட்டும். சோகத்தையும் ஆடவைக்கிற இந்த முரண்பாட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேலைக்கு வரும்.

பிடில் உண்டு, சில சமயம் தட்டையாக ஒலிக்கும் பியானோவும் உண்டு. ஆனால் இந்த இசையின் அடையாளம் ஸ்டீல் கிதார்தான். மடியிலோ மேசையிலோ படுக்கவைத்த கிதார். விரலால் அழுத்தாமல் ஓர் இரும்புத் துண்டைக் கம்பி மேல் வழுக்கிக்கொண்டே வாசிப்பார்கள். நம் சித்ரவீணையைக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் இழைந்து போகும் அதே குழைவு. ஹாங்க் வில்லியம்ஸின் குழுவில் டான் ஹெல்ம்ஸ் வாசித்தது இந்த வகை. பிறகு அதில் பெடல்கள் சேர்ந்தன. 1954இல் பிரபலமான வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில், பட் ஐசக்ஸ் ஒரு காரியம் செய்தார். கம்பிகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். சில கம்பிகளின் சுருதி நகர, மற்றவை அப்படியே நின்றன. ஒரு கார்டு கண்ணெதிரே கரைந்து இன்னொன்றாக மாறுகிற அந்தச் சத்தத்தைக் கேட்ட மற்ற ஸ்டீல் கலைஞர்கள் தங்கள் கருவியிலும் பெடல் மாட்ட ஓடினார்கள். இன்றைக்கு 'கன்ட்ரி மாதிரி இருக்கிறதே' என்று நமக்குத் தோன்றவைக்கிற சத்தம் பெரும்பாலும் இதுதான்.

வேடிக்கை எங்கே ஒளிந்திருக்கிறது

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஹாங்க்கி டாங்க் பாட்டு எழுதுகிறவர்கள் கதையிலிருந்து தொடங்குவது குறைவு. 'ஹூக்' என்று அவர்கள் சொல்கிற ஒற்றை வரியிலிருந்துதான் தொடங்குவார்கள். அது பெரும்பாலும் பாட்டின் தலைப்பாகவே இருக்கும். மற்ற வரிகள் எல்லாம் அந்த வரி வந்து விழுவதற்குப் பாதை போடுகிற வேலையைத்தான் செய்யும். நல்ல ஹூக்கில் ஒரு திருப்பம் இருக்கும்: நாம் ஓர் அர்த்தத்தில் கேட்டுக்கொண்டு வருவோம், அது வேறு அர்த்தத்தில் வந்து இறங்கும்.

'ஆக்ட் நேச்சுரலி' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். ஜானி ரசல் எழுதியது. 1963இல் பக் ஓவன்ஸ் பாடி முதலிடம் பிடித்தது. பாடுகிறவன் ரொம்ப உற்சாகமாக அறிவிக்கிறான்: என்னைச் சினிமாவில் போடப் போகிறார்கள், பெரிய நட்சத்திரம் ஆகப் போகிறேன். என்ன வேஷம்? தனியாக உட்கார்ந்து அழுகிற, காதலில் தோற்ற முட்டாள் வேஷம். இதற்கு ஒத்திகையே வேண்டாம், இயல்பாக இருந்தாலே போதும் என்கிறான். சிரிப்பு வருகிறது. சிரித்த அடுத்த நொடி, இவன் நிஜத்திலேயே அந்த நிலையில்தான் இருக்கிறான் என்பது உறைக்கிறது. பாட்டில் எங்கேயும் 'எனக்கு வலிக்கிறது' என்று ஒரு வரி இல்லை. வேலை கிடைத்த குஷியில் பேசுகிறான், அவ்வளவுதான். வலியை எல்லாம் நாமே சேர்த்துக்கொள்கிறோம். பீட்டில்ஸ் 1965இல் இதைப் பாடியபோது ரிங்கோ ஸ்டாரைப் பாடவைத்தார்கள். அந்த அப்பாவிக் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

இப்போது இதற்கு நேரெதிரான துருவத்துக்குப் போவோம். ஜார்ஜ் ஜோன்ஸ் 1980இல் பாடிய 'ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே'. கன்ட்ரி இசையிலேயே ஆகச் சிறந்த சோகப் பாட்டு எது என்று கேட்டால் நிறையப் பேர் இதைத்தான் சொல்வார்கள். சாகிறவரை உன்னைக் காதலிப்பேன் என்று அவன் அவளிடம் சொன்னான். அவள் போய்விட்டாள். அவன் அவளுடைய பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தான். 'இன்றைக்கு அவளைக் காதலிப்பதை நிறுத்திவிட்டான்' என்று பாட்டு வந்து நிற்கும்போது, அப்பாடா, ஒருவழியாக மறந்துவிட்டானா என்று தோன்றும். இல்லை, கதவில் மலர்வளையம் தொங்குகிறது. செத்துப்போய்விட்டான்.

இதன் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். இது அப்பட்டமாக ஒரு நகைச்சுவைத் துணுக்கின் அமைப்பு. சொல்லவேண்டிய ஒன்றை மறைத்து வைப்பது, ஓர் அர்த்தத்தை எதிர்பார்க்கவைப்பது, கடைசியில் கவிழ்ப்பது. சொன்ன வாக்கை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றிய மனிதன் என்பது கொஞ்சம் மாற்றிச் சொன்னால் ஜோக்குதான். பாடுகிற குரலும் அந்த ஸ்டீல் கிதாரும் அதை ஜோக்காக விடவில்லை. எழுதியவர்கள் பாபி பிராடக், கர்லி புட்மன் என்ற இருவர். இதே இருவர்தான் 1968இல் டேமி வைனட்டுக்காக 'டி-ஐ-வி-ஓ-ஆர்-சி-இ' எழுதினார்கள்: விவாகரத்து என்ற சொல் நாலு வயதுப் பிள்ளைக்குப் புரிந்துவிடக் கூடாதென்று அம்மா ஒவ்வோர் எழுத்தாக உச்சரிக்கிற பாட்டு. விளையாட்டு மாதிரி ஆரம்பிக்கும், வீடு உடைகிற சத்தத்தில் முடியும். ஒரே பேனா. எந்தப் பாட்டை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது மட்டும்தான் அவர்கள் முடிவு செய்யவேண்டியிருந்தது.

ஜார்ஜ் ஜோன்ஸுக்கே அந்தப் பாட்டில் நம்பிக்கை இல்லை என்பது கூடுதல் தமாஷ். இவ்வளவு இழவு வாசம் வீசுகிற பாட்டை யார் வாங்குவார்கள் என்று நினைத்தார். கன்ட்ரி இசைச் சங்கம் 1980, 1981 இரண்டு வருஷமும் அதையே ஆண்டின் சிறந்த பாடலாகத் தேர்ந்தெடுத்தது.

'மூன்று கார்டும் உண்மையும்' இருந்தால் கன்ட்ரி பாட்டு ஆகிவிடும் என்று ஹார்லன் ஹாவர்ட் என்ற பாடலாசிரியர் சொன்னதாக அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்கிற மொக்கைப் பாட்டுகளும் மூன்று கார்டில் ஏராளமாக உண்டு. திருப்பத்தை எங்கே வைப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற கணக்கு தெரியாதவர்களுக்கு உண்மை மட்டும் கைகொடுக்காது.

வேடிக்கைப் பாட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஜோக்கை ஒரு தடவைதான் கேட்க முடியும். பாட்டை நூறு தடவை கேட்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகும் எது நம்மைத் திரும்பக் கேட்கவைக்கும்? நான் கவனித்தவரை, பாடுகிறவன் தான் வேடிக்கையாக இருப்பது தெரியாமல் பாட வேண்டும். மரப்பொம்மை கலைஜாவுக்குத் தன் காதல் சிரிப்பான விஷயமில்லை. சினிமா வாய்ப்பு கிடைத்தவனுக்குத் தான் பரிதாபமானவன் என்று தெரியவே தெரியாது. நடுவில் கண்ணடிக்கிற பாடகரின் பாட்டு இரண்டாவது தடவையே சலித்துவிடும். வானொலிக்காக அவசரமாக எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான வேடிக்கைப் பாட்டுகள் அப்படித்தான் காணாமல்போயின.

தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதும் இந்த மரபிலேயே உண்டு. ஸ்டீவ் குட்மன் தன் நண்பர் ஜான் பிரைனுடன் சேர்ந்து ஒரு நையாண்டிப் பாட்டு எழுதினார். 1975இல் டேவிட் ஆலன் கோ அதைப் பாடிப் பிரபலமாக்கினார். பாட்டின் நடுவில் கோ பேச ஆரம்பிக்கிறார்: இதுதான் குறையே இல்லாத கன்ட்ரி பாட்டு என்று குட்மன் எனக்கு எழுதினார், இல்லை, இதில் அம்மா இல்லை, ரயில் இல்லை, லாரி இல்லை, ஜெயில் இல்லை, குடியும் இல்லை என்று பதில் போட்டேன். உடனே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடைத்து ஒரு கடைசிச் சரணம் வந்ததாம். அதைப் பாடியும் காட்டுகிறார். ஜெயிலிலிருந்து விடுதலையாகும் அம்மாவை மழையில் அழைக்கப் போகிறான். போதையில் போய்ச் சேருவதற்குள் அவளை ரயில் அடித்துவிடுகிறது. கன்ட்ரியைக் கிண்டல் செய்கிற பாட்டு கன்ட்ரி ரசிகர்களின் கூட்டப்பாட்டாகவே ஆகிவிட்டது.

எழுதுகிறவரே பாடும்போது

நாஷ்வில்லில் வேலைப் பிரிவினை கறாரானது. மியூசிக் ரோ என்ற தெருவில் பாடல் பதிப்பகங்கள் வரிசையாக இருக்கும். பாடலாசிரியர்கள் அலுவலகம் மாதிரி வந்து உட்கார்ந்து எழுதுவார்கள். பாடகர்கள் அவற்றிலிருந்து பொறுக்கிக்கொள்வார்கள். ஆல்பம் என்பது நெடுங்காலம் இரண்டு வெற்றிப் பாட்டையும் பத்து ஒப்புக்குச் சப்பாணிகளையும் சேர்த்துக் கட்டிய மூட்டைதான்.

பாடலாசிரியரே பாடவும் செய்தால் கதை மாறும். ஹாங்க் வில்லியம்ஸ் அப்படிப்பட்டவர். ரோஜர் மில்லரும் அப்படித்தான்: முதலில் ரே பிரைஸ் போன்றவர்களுக்கு ஷஃபிள் பாட்டு எழுதிக்கொடுத்தார், பிறகு தானே குறும்புப் பாட்டுகளைப் பாட ஆரம்பித்து 1965, 1966 இரண்டு வருஷத்தில் மட்டும் 11 கிராமி விருதுகளை அள்ளினார். இப்படிப்பட்டவரின் ஆல்பத்தில் பாட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மூன்றாவது பாட்டில் நம்மைச் சிரிக்கவைத்த அதே ஆள் நான்காவதில் குரலைத் தாழ்த்தும்போது, சிரித்த வாயோடு மாட்டிக்கொள்கிறோம்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ராபி ஃபல்க்ஸின் முதல் ஆல்பம், 'கன்ட்ரி லவ் சாங்ஸ்' (1996). ஃபல்க்ஸ் பென்சில்வேனியாவில் பிறந்தவர். வட கரோலினாவில் வளர்ந்து, சிகாகோவில் ஒரு நாட்டுப்புற இசைப் பள்ளியில் கிதார் சொல்லிக்கொடுத்தவர். 1990களில் நாஷ்வில்லுக்கும் போய்ப் பதிப்பகம் ஒன்றுக்காகப் பாட்டு எழுதினார். அங்கே அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பிற்பாடு அந்த ஊரையே கெட்ட வார்த்தையில் திட்டி ஒரு பாட்டுப் போட்டார். முதல் ஆல்பத்தை வெளியிட்டது சிகாகோவின் பிளட்ஷாட் என்ற சின்ன நிறுவனம். ஒலிப்பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. நிர்வானா என்ற ராக் குழுவின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தைப் பதிவு செய்த அதே அல்பினிதான். ஸ்டீல் கிதாருக்கு டாம் பிரம்லி. 1960களில் பக் ஓவன்ஸின் குழுவில் வாசித்தவர். ஆக, கருவியில் அசல் பழமை, ஒலிப்பதிவில் பூச்சு வேலையே இல்லாத கரடுமுரடு. அந்த வருஷங்களில் வானொலியில் ஓடிய பளபளப்பான கன்ட்ரிக்குப் பக்கத்தில் வைத்தால் இது சவரம் செய்யாத முகம்.

முதல் பாட்டே குறும்பு: காதலிக்கு எல்லா வகை இசையும் பிடிக்கும், கன்ட்ரியைத் தவிர. 'த பக் ஸ்டார்ட்ஸ் ஹியர்' என்ற பாட்டின் தலைப்பு, 'பொறுப்பு என்னோடு முடிகிறது' என்ற அர்த்தத்தில் அதிபர் ட்ரூமன் மேசையில் வைத்திருந்த வாசகத்தைத் திருப்பிப் போட்டது. பக் என்பது இங்கே பக் ஓவன்ஸ். காதல் முறிந்த ராத்திரி ஒருவன் குடியோடு உட்கார்கிறான். முதலில் பக்கின் பாட்டு, அடுத்தது ஹாங்க் என்று துக்கத்துக்கு ஒரு நிகழ்ச்சி நிரலே போட்டுவிடுகிறான். தலைப்பைக் கேட்டால் துணுக்கு. பாட்டைக் கேட்டால் நேர்த்தியான, உண்மையிலேயே கனமான ஒரு மதுக்கடைப் பாட்டு. பழைய பாட்டுகளைக் கேட்டு அழுவதைப் பற்றிய பாட்டுக்குப் பக் ஓவன்ஸிடம் வாசித்த டாம் பிரம்லியே ஸ்டீல் வாசிக்கிறார் என்பது தெரிந்தால் இன்னொரு சுற்றுக் கேட்கலாம்.

'ராக் பாட்டம், பாப்புலேஷன் 1' இதே ரகம். வாழ்க்கையின் அடிமட்டம் என்பதை ஓர் ஊராக்கி, ஊர் எல்லையில் மக்கள்தொகைப் பலகையும் நட்டுவிடுகிறார். மக்கள்தொகை: ஒன்று. அந்த ஒரே குடிமகன் யாரென்று விளக்கவேண்டியதில்லை. 'த ஸ்க்ராப்பிள் சாங்' பன்றிக்கறி மிச்சத்தையும் சோளமாவையும் சேர்த்துச் செய்கிற பென்சில்வேனியாப் பண்டத்துக்கான துதிப்பாட்டு. ஒரு தடவை கேட்டுச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகலாம்.

ஆல்பத்தில் ஒரு பாட்டைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனசு. மாத்திரைகளை விழுங்கிச் செத்துப்போகிற ஒரு நடிகையைப் பற்றிய பாட்டு. தலைப்பே அதைப் போட்டு உடைத்துவிடும். மெட்டோ துள்ளாட்டம். மரணத்தைச் செய்தித்தாள் பெட்டிச் செய்தி மாதிரி சொல்லிவிட்டுப் பிடிலோடு குதித்துப் போகிறது. நட்சத்திரங்களின் சாவைக் கூட நாம் பொழுதுபோக்காகத்தான் படிக்கிறோம் என்ற கிண்டல் இது என்று வாதிடலாம். வெறும் குரூரம் என்றும் சொல்லலாம். மேலே சொன்ன சோதனையை வைத்துப் பார்த்தால், இங்கே பாடுகிறவர் கண்ணடிக்கிறார். அதனால்தானோ என்னவோ, ரசிக்கிறேன், ஆனால் தேடிப்போய்க் கேட்பதில்லை.

அடுத்து 'பேர்லி ஹ்யூமன்'. குடிக்கு அடிமையாகி மனிதன் என்று சொல்லிக்கொள்ளவே மிச்சமில்லாமல் போன ஒருவனின் மெதுவான பாட்டு. இதில் சிலேடை இல்லை, தப்பிக்கிற வழியும் இல்லை. மற்ற பாட்டுகளில் குடி என்பது பாத்திரங்களின் பொழுதுபோக்கு. இங்கே அதற்கான பில் வருகிறது. இந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டால் நல்ல சோகப் பாட்டு, அவ்வளவுதான். மதுக்கடை வேடிக்கைகளுக்கு நடுவே கேட்டால்தான் அதன் பாரம் தெரியும். ஆல்பத்தை வரிசை மாற்றாமல் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த வித்தை ஆண்களோடும் பழைய காலத்தோடும் நின்றுவிடவில்லை. வாஷிங்டன் மாநிலத்துக்காரரான பிராண்டி கிளார்க், மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக்கொடுத்துப் பெயர் வாங்கிய பிறகு, 2013இல் '12 ஸ்டோரீஸ்' என்ற ஆல்பத்தோடு பாடகராக வந்தார். அதில் 'ஸ்ட்ரைப்ஸ்' என்று ஒரு பாட்டு. கணவனை இன்னொருத்தியோடு கையும் களவுமாகப் பிடித்த மனைவி கையில் துப்பாக்கி. ஏன் சுடவில்லை? கைதி உடுப்பின் கோடு போட்ட துணி தனக்கு எடுக்காதாம், ஆரஞ்சு நிறமும் பொருந்தாதாம். இதே ஆல்பத்தின் மெதுவான பாட்டுகளில், மாத்திரையை நம்பி நாளை ஓட்டுகிறவர்களும், எல்லை தாண்டலாமா என்று ஓட்டல் வாசலில் தயங்குகிறவளும் வருகிறார்கள். கிட்டி வெல்ஸ் 1952இல் திறந்த கதவு வழியாக வந்தவர்கள்தான் இவர்களெல்லாம்.

கேட்க ஆரம்பிக்க

முழு வரலாற்றையும் வரிசையாகக் கேட்கவேண்டும் என்று உட்கார்ந்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். முதலில் 'கலைஜா', 'யுவர் சீட்டின் ஹார்ட்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பத்து நிமிஷம் கூட ஆகாது. அப்புறம் 'ஆக்ட் நேச்சுரலி'யைப் பக் ஓவன்ஸ் குரலிலும் ரிங்கோ குரலிலும். ஓவன்ஸின் பதிவில் மின்கிதார் எவ்வளவு கூர்மையாக வெட்டுகிறது பாருங்கள். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் பாணி அது. வறட்சிக்குத் தப்பி ஓக்லஹோமாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் போன குடும்பங்கள் தங்கள் மதுக்கடை இசையையும் கூடவே எடுத்துப் போனதன் விளைவு. 'கிரேஸி ஆர்ம்ஸ்' கேட்கும்போது பாடகரை விட்டுவிட்டு பேஸ் வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள்.

பாட்டு வரிகள் முதலில் பிடிபடாது. அமெரிக்கத் தென்பகுதி உச்சரிப்பு, வாயை முழுசாகத் திறக்காத பேச்சு. வரிகளை இணையத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் வேடிக்கைப் பாட்டுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். பல்லவியின் கடைசி வரியை முன்கூட்டியே படித்துவிட்டால் ஜோக்கின் முடிவை யாரோ சொல்லிவிட்ட கதைதான். இரண்டு தடவை கேட்டும் புரியாவிட்டால் எடுத்துப் பார்க்கலாம்.

ஜார்ஜ் ஜோன்ஸின் பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் முடிவை நான் சொல்லிவிட்டது உண்மைதான். பரவாயில்லை, முடிவு தெரிந்தும் 40 வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.